எம்டனுக்குப் பித்தளை ரெய்லிங்: மூன்று துண்டு வீணாகிவிட்டது, தொடரலாமா?

பெரம்பூர் கார்த்தி

வணக்கம். மூன்று நாளாக மேசைப் பக்கமே போகவில்லை. இங்கே கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதுகிறேன்.

செய்துகொண்டிருப்பது முதல் உலகப்போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் மாடல். ரெவெல் கம்பெனியின் 1/350 பிளாஸ்டிக் கிட், அதாவது நிஜத்தில் 350இல் ஒரு பங்கு. நிஜக் கப்பல் 118 மீட்டர் சொச்சம், என் மேசையில் 34 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. உடற்பகுதியை ஒட்டி, இடுக்குகளில் புட்டி அடைத்துத் தேய்த்து, போர்க்காலச் சாம்பல் நிறம் அடித்து, டெக் பலகைகளுக்கு மூன்று விதப் பழுப்பு பூசி முடித்துவிட்டேன். அதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

ஏன் எம்டன் என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் நான் ஏதாவது செய்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றால் பாட்டி "சரியான எம்டன்டா நீ" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்பது எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது. அப்பா உயர் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய், மதில் ஓரமாக இருக்கும் கல்வெட்டைக் காட்டினார். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை வாக்கில் இந்தக் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது என்று சொன்னார். பாட்டி இன்றும் இருக்கிறார், வயது 86. அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றுதான் இந்தக் கப்பலை எடுத்தேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். தனியாகப் பித்தளை எட்ச் தகடு (அமிலத்தில் அரித்து எடுத்த மெல்லிய சாமான்கள், ஒரு சட்டத்தோடு சேர்ந்து வரும்) ஒரு செட் வாங்கினேன். மூன்று தகடு. ரெய்லிங், ஏணி, படகு தூக்கும் டேவிட், தேடுவிளக்கின் சில்லறைச் சாமான் எல்லாம் அதில் இருக்கின்றன. முன்தளத்தின் இடதுபக்க ரெய்லிங்கில் ஆரம்பித்தேன். முதல் துண்டைச் சட்டத்திலிருந்து வெட்டும்போதே இரண்டு இடத்தில் வளைந்தது. இரண்டாவதை இன்ஸ்டன்ட் க்ளூ வைத்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் டெக் ஓரம் முழுக்கத் திருநீறு பூசின மாதிரி வெள்ளை. மூன்றாவது துண்டு இன்னும் மோசம். இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டது, நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நடுவை அமுக்கினால் முனை விடுகிறது. முனையை ஒட்டினால் நடு எழுகிறது. மூன்று இரவு இதுதான் நடந்தது.

பித்தளையை விட்டுவிட்டு, கிட்டில் உள்ள பிளாஸ்டிக்கை மட்டும் வைத்து முடித்துவிடலாமா? தொடர்வதென்றால் என் தப்பு எங்கே? அந்த வெள்ளையை எப்படி எடுப்பது? அக்கா நெயில் பாலிஷ் ரிமூவர் போடச் சொல்கிறாள். இன்னும் போடவில்லை.

திசைகாட்டி

தம்பி, முதலில் அந்த நெயில் பாலிஷ் ரிமூவரைத் தூர வையுங்கள். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். க்ளூவைக் கரைக்கும், உண்மைதான். கூடவே உங்கள் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். பதினான்கு மாத உழைப்பு.

அந்த வெள்ளைக்குப் பயப்பட வேண்டாம். இன்ஸ்டன்ட் க்ளூவின் ஆவி பக்கத்தில் படிந்து இறுகுவதால் வருவது அது. இந்த க்ளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். அதனால் காற்று ஈரமாக இருந்தால், அசையாமலும் நின்றால், பூப்பது அதிகம். மழைக்காலச் சென்னையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒட்டினால் இப்படித்தான் ஆகும். காதுக்குச்சியை லேசாக ஈரமாக்கித் துடைத்துப் பாருங்கள், கொஞ்சம் போகும். மிச்சம் கடைசியில் மேட் வார்னிஷ் அடிக்கும்போது மறைந்துவிடும். என் முதல் கப்பலில் ஒரு பக்கம் முழுக்கப் பூத்து, வார்னிஷுக்குப் பிறகு எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

இனி மூன்றாவது துண்டு. நான் இருபத்திரண்டு வருடமாகக் கப்பல் செய்கிறேன். அதற்கு முன்னால் கப்பல்களிலேயே கருவி மெக்கானிக்காக இருந்தேன். நீங்கள் சொன்ன அறிகுறியைப் படித்ததும் என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. ஒரு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை முன்தளத்தின் ஓரத்தில் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரியும். டெக் மூக்கை நோக்கி லேசாக ஏறுகிறது. நிஜக் கப்பல்களில் அலை ஏறாமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள். ரெய்லிங் துண்டோ நேர்கோட்டில் வெட்டியது. அது பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் வளையும், மேலும் கீழுமாக வளையாது. தகட்டின் அகலம் அந்தத் திசையில் எதிர்த்து நிற்கும். எவ்வளவு நல்ல க்ளூ போட்டாலும் அது ஜெயிக்காது.

வழி சுலபம். உங்கள் ரெய்லிங்கில் தூண்களுக்கு அடியில் ஒரு கம்பி ஓடுகிறதா பாருங்கள். ஒட்டுவதற்கு வசதியாக வைப்பது அது. இருந்தால் அந்த அடிக்கம்பியை மட்டும் இரண்டு தூணுக்கு ஒரு இடமாக வெட்டிவிடுங்கள். மேல்கம்பிகளைத் தொடாதீர்கள். இப்போது ஒவ்வொரு தூணும் தன் இடத்தில் இறங்கி உட்காரும். ஏற்றம் அதிகமான இடத்தில், மூக்கின் ஓரம், நீளத் துண்டே வேண்டாம். ஐந்தாறு தூண் உள்ள குட்டித் துண்டுகளாகப் போடுங்கள். வெட்டும்போது எப்போதும் தூணை ஒட்டியே வெட்டுங்கள். ஒரு துண்டின் கடைசியில் தூண் இருந்தால், அடுத்த துண்டு தூண் இல்லாமல் தொடங்கட்டும். இல்லாவிட்டால் இணைப்பில் இரட்டைத் தூண் வந்து கண்ணை உறுத்தும்.

வெட்டும் இடமும் முக்கியம். பச்சை நிற ரப்பர் மேட்டில் வைத்துத்தானே வெட்டினீர்கள்? அது மெத்தை மாதிரி அமுங்கும். பிளேடு இறங்கும்போது தகடும் கூடவே இறங்கி வளையும். கண்ணாடித் துண்டு அல்லது வழவழப்பான டைல்ஸ் மேல் வையுங்கள். நுனி வளைந்த சர்ஜிக்கல் பிளேடை எடுத்து, இழுக்காமல் மேலிருந்து உருட்டி அழுத்துங்கள். துண்டின் மேல் ஒரு விரல் இருக்கட்டும், இல்லாவிட்டால் பறந்துவிடும். பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கின பிளேடால்தான் பாதி துண்டு கெடுகிறது.

பிளாஸ்டிக்கோடு முடித்துவிடலாமா என்று கேட்டீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அளவில் 0.1 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். கையால் பிடிக்கிற கம்பியின் தடிமன். பிளாஸ்டிக்கில் அச்சு ஊற்றினால் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போவது கஷ்டம். அதாவது நிஜத்தில் பதினேழு சென்டிமீட்டர். தென்னங்கட்டையை வரிசையாக நட்டு வேலி போட்ட மாதிரி இருக்கும். எம்டனை அந்தக் காலத்தில் 'கிழக்கின் அன்னம்' என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவு மெல்லிய கப்பல். அதற்கு அந்த வேலி வேண்டாம். தொடருங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் வரிசை தப்பு. ரெய்லிங் கடைசியில் வர வேண்டியது. உள்ளே இருக்கிற பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் மேடை), புகைபோக்கிகள், பீரங்கிகள், படகுகள் எல்லாம் உட்கார்ந்த பிறகு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வாருங்கள். டெக் ஓர ரெய்லிங் முடிந்தால் அதற்குப் பிறகு கப்பல் கயிறுகளுக்கு நூல் கட்டுவது மட்டும்தான் பாக்கி இருக்க வேண்டும். இப்போதே ஓரத்தில் வேலி போட்டுவிட்டால், உள்ளே ஒவ்வொரு முறை கை போகும்போதும் இடித்துச் சாய்க்கும்.

உமியோடு

கார்த்தி, நான் கோயம்புத்தூர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நகை வேலை. கப்பல் நான் செய்வது 1/700. உங்கள் எம்டன் அந்த அளவில் 17 சென்டிமீட்டர்கூட வராது. அதனால் என் கஷ்டத்தைவிட உங்களுடையது பாதிதான் என்று நினைத்துத் தைரியமாக இருங்கள்.

பித்தளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தகட்டில் கை எண்ணெயும் தொழிற்சாலைப் பிசுக்கும் இருக்கும். க்ளூவும் பிடிக்காது, பிரைமரும் உரிந்து வரும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு. அப்புறம் புளித்தண்ணீர். குத்துவிளக்குக்குப் போடுகிற அதே புளிதான். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வடிகட்டி, அதில் தகட்டைச் சட்டத்தோடு கால் மணி நேரம் போடுங்கள். கறுப்பு போய் லேசான சொரசொரப்பு வரும். நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல், ஊதிக் காயவையுங்கள். துணியின் நூல் மாட்டினால் ஒரு ஏணி போய்விடும்.

அடுத்தது பதம். உருட்டித் தேய்த்த பித்தளைத் தகடு விறைப்பாக இருக்கும், வளைத்தால் திரும்பி வரும். அப்பா மோதிரக் கம்பியைச் சூடாக்கித்தான் வளைப்பார். மங்கின சிவப்பு வந்ததும் எடுத்துத் தண்ணீரில் போடலாம். இரும்பு என்றால் அப்படிச் செய்தால் கெட்டியாகிவிடும், பித்தளை அப்படியே மெத்தென்று இருக்கும். எட்ச் துண்டுக்கு ஊது குழல் வேண்டாம், அது நொடியில் உருகிப்போகும். ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேலே, சாமணத்தில் பிடித்து, ஒரு தடவை போய்வந்தால் போதும். நிறம் மாறினால் பதம் வந்துவிட்டது. சூட்டில் வந்த கறுப்புக்கு மறுபடி புளித்தண்ணீர். அதற்குப் பிறகு ரெய்லிங்கும் சொன்னபடி வளையும்.

சாமணம் என்றதும் ஞாபகம் வந்தது. மாடல் கடைகளில் விற்கும் விலை உயர்ந்த ட்வீசர் தேவையில்லை. சவுகார்பேட்டையில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் சாமணம் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள், ஒன்று கூர்முனை, ஒன்று தட்டைமுனை. மடிப்பதற்குத் தட்டைதான் சரி. வாங்கும்போது நுனிகளைச் சேர்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வேறு கேளுங்கள். இடைவெளி உள்ள சாமணம் சின்னச் சாமானைச் சுண்டிவிடும்.

திசைகாட்டி

உமியோடு அம்மா சொன்ன புளித்தண்ணீரை நான் வினிகர் வைத்துச் செய்துகொண்டிருந்தேன். இனிமேல் புளிதான்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம். ரெய்லிங்கைப் பதம் காட்டாதீர்கள். கம்பி மெத்தென்று ஆகிவிட்டால் வளைவது மட்டுமில்லை, கெடுவதும் சுலபம். விரல் நகம் பட்டால் தொய்யும். ஒருமுறை தொய்ந்த மேல்கம்பியைப் பழையபடி நேராக்க முடியாது. ரெய்லிங்குக்கு அழகே அந்த விறைப்புதான். நான் பதம் காட்டுவது இறுக்கமாக உருட்ட வேண்டிய துண்டுகளுக்கு மட்டும். புகைபோக்கியின் உச்சியிலுள்ள வளையம், பாய்மரத்தைச் சுற்றி வருகிற பட்டை, அவ்வளவுதான். மூக்கிலும் பின்பக்கமும் ரெய்லிங் வளைய வேண்டிய இடத்தில், டிரில் பிட்டின் தண்டை எடுத்து, பழைய மவுஸ் பேடு மேல் துண்டை வைத்து உருட்டுங்கள். தேவையான வளைவைவிடச் சின்னத் தண்டாக எடுங்கள், விட்டதும் கொஞ்சம் விரியும்.

அளவெடுக்க ஸ்கேல் வேண்டாம். மாஸ்கிங் டேப்பை நூல் மாதிரி கீறி டெக் ஓரத்தில் ஒட்டி, ரெய்லிங் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்து, பிய்த்துக் கண்ணாடி மேல் ஒட்டிவிடுங்கள். அதன் பக்கத்தில் துண்டை வைத்து வெட்டினால் தப்பு வராது.

பெயிண்ட்: பிரைமரும் சாம்பலும் சட்டத்தில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் மெல்லிசாக அடித்துவிடுங்கள். தடிமனாக அடித்தால் 0.1 மில்லிமீட்டரை நாமே 0.2 ஆக்கிவிடுவோம், அப்புறம் பித்தளை வாங்கியதற்கே அர்த்தம் இல்லை. ஒட்டப்போகிற அடிப்பாகத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டுங்கள். டெக் ஓரத்திலும் ஊசியால் ஒரு கீறல். பெயிண்ட் மேல் ஒட்டினால் அது பெயிண்டோடு உரிந்து வரும்.

ஒட்டுவதற்கு: முதலில் இன்ஸ்டன்ட் க்ளூவை எடுக்காதீர்கள். ஃபெவிகால். ஒரு துளி தண்ணீர் கலந்து, ஊசி முனையால் மூன்று தூணுக்கு ஒரு பொட்டு. துண்டை நிறுத்தி, ஐந்து நிமிடம் வரை அசைத்துச் சரி பார்க்கலாம். சாய்ந்தால் நிமிர்த்தலாம். பிடிக்காவிட்டால் ஈரத் தூரிகையால் துடைத்து மறுபடி வைக்கலாம். உங்களுக்கு மூன்று இரவும் கிடைக்காமல் போனது அந்த ஐந்து நிமிடம்தான். ராத்திரி காயட்டும். மறுநாள் நான்கைந்து இடத்தில் மட்டும் தண்ணீர் மாதிரி ஓடும் இன்ஸ்டன்ட் க்ளூவைத் தொடுங்கள், அது தானே இடுக்கில் ஓடிப் பிடித்துக்கொள்ளும்.

அந்தத் துளியை வைக்க ஒரு கருவி செய்துகொள்ளுங்கள். தையல் ஊசியின் காதை மேலே நறுக்கினால் குட்டிக் கவட்டை மாதிரி இரண்டு கொம்பு நிற்கும். கூர்முனையைப் பழைய தூரிகைக் கட்டையில் செருகுங்கள். அந்தக் கவட்டைக்குள் நிற்கிற க்ளூ எவ்வளவோ, அவ்வளவே ஒரு வேலைக்குப் போதும். பூப்பதும் குறையும். க்ளூ காய்ந்து கொம்பு அடைத்தால் நெருப்பில் காட்டி எரித்துவிடுங்கள், ஆனால் ஜன்னல் பக்கம் நின்று, அந்தப் புகையை முகர வேண்டாம்.

ஏற்கனவே ஒட்டி நிற்கிற துண்டை, புது பிளேடைப் படுக்கவைத்து அடியில் செலுத்தி எடுங்கள். இந்த க்ளூ இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விடும். வளைந்த துண்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். கண்ணாடி மேல் வைத்துக் கத்தியின் உருண்டைப் பிடியால் உருட்டினால் முக்கால்வாசி நேராகும். நேராகாத இடத்தை வெட்டிவிட்டு, நல்ல பாகத்தைப் பீரங்கிக்குப் பின்னால், படகுக்குப் பின்னால் போடலாம்.

இன்னொன்று. தகட்டில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் போட வேண்டாம். எட்ச் தகடு என்பது பித்தளையின் இரண்டு பக்கமும் படம் பதித்து, வேண்டாத இடத்தை அமிலத்தில் தின்னவிட்டு எடுப்பது. அதனால் அதில் வருகிற எதுவும் தட்டைதான். நிஜத்தில் தட்டையாகவோ வலையாகவோ கம்பியாகவோ இருந்த சாமானுக்கு அது அமிர்தம். ரெய்லிங், ஏணி, சல்லடைத் தட்டு எல்லாம் அப்படி. நிஜத்தில் உருண்டையாக இருந்ததற்கு அது பொய். உங்கள் தகட்டில் உள்ள டேவிட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். அட்டையில் வெட்டின மாதிரி இருக்கும். 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வாங்கி நீங்களே வளையுங்கள், அது நிஜத்தில் பதினான்கு சென்டிமீட்டர், டேவிட்டுக்குச் சரியான கனம். மெல்லிய குழாய்களுக்கு வீட்டு ஒயரைச் சீவினால் வருகிற செப்பு இழை போதும்.

தெற்குச் சிலுவை

சிட்னியிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். திசைகாட்டி அண்ணன் சொன்ன உருண்டைச் சாமான் விஷயத்தில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

எம்டனை 1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில் அடித்து முடித்த கப்பலின் பெயரும் சிட்னிதான். எம்டனின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளில் ஒன்றைக் கொண்டுவந்து, இங்கே ஹைட் பார்க்கின் ஒரு மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிற வழி. நான் எம்டன் கட்டின வருடம் கிட்டத்தட்ட தினமும் அதற்கு முன்னால் நின்றேன். குழாய் பின்பக்கம் தடித்து, வாய்ப்பக்கம் போகப் போக மெலிகிறது. கிட்டில் வருகிற பீரங்கியில் அந்த மெலிவு சரியாகத் தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. அதனால் லேத்தில் கடைந்த பித்தளைக் குழாய் வாங்கிப் போட்டேன்.

அளவு நினைவில் வைக்க மிகச் சுலபம். குழாயின் நீளம் வாயகலத்தைப் போல் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். 350 ஆல் வகுத்தால் சரியாக 12 மில்லிமீட்டர். வாயகலம் 0.3 மில்லிமீட்டர். மொத்தம் பத்துப் பீரங்கி: முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு, பின்னால் அதே மாதிரி இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. கடைந்த குழாய் கிடைக்காவிட்டால் கிட்டில் உள்ளதையே வைத்து, வாயில் ஊசியால் ஒரு பொட்டுக் குழி போடுங்கள். அந்தக் கறுப்புப் புள்ளி இருந்தாலே பீரங்கி உயிர் பெற்றுவிடும்.

படங்கள் வேண்டுமானால் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கரைதட்டிக் கிடக்கிற எம்டனின் படங்கள் நிறைய இருக்கின்றன. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், கப்பலில் இருந்தவர்களில் 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஆனால் எந்தச் சாமான் எவ்வளவு தடிமன் என்பது அந்தப் படங்களில் தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது. சமாதான காலப் படங்களில் கப்பல் வெள்ளையாகவும் புகைபோக்கி மஞ்சளாகவும் இருக்கும், அதைப் பார்த்து நிறம் மாற்றிவிடாதீர்கள். மெட்ராஸுக்கு வந்தபோது சாம்பல்தான்.

கயிறு கட்டும்போது ஒரு சின்னக் கைவேலை. கிட்டின் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் முடி மாதிரி நூல் வரும். அதை ஒட்டின பிறகு தொய்ந்திருந்தால், பற்றவைத்த ஊதுவத்தியின் நுனியைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். தொடாமல், ஒரு சென்டிமீட்டர் தள்ளி. சூடு பட்டதும் சுருங்கி விறைத்துக்கொள்ளும். ஒரு நொடி அதிகமானால் அறுந்துவிடும், அதனால் முதலில் மேசைக் காலில் கட்டிப் பழகுங்கள்.

பெரம்பூர் கார்த்தி

எல்லாருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

ஸ்கேலை வைத்து விளக்கைப் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. திசைகாட்டி ஐயா, அதைப் பார்த்தபோது இருந்த நிம்மதியைச் சொல்ல முடியவில்லை. என் கை சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய ரெய்லிங்கைப் பிளேடால் எடுத்துவிட்டேன். ஒரு இடத்தில் மட்டும் டெக் பெயிண்ட் அரிசி அளவு போனது, தொட்டுச் சரி செய்துவிட்டேன். தகட்டை அம்மா கரைத்துக் கொடுத்த புளியில் போட்டேன். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து "விளக்குக்குப் போடுறதை எதுக்குடா கப்பலுக்குப் போடுற" என்று கேட்டார். சொன்னேன். எம்டனுக்கா என்று கேட்டுவிட்டு, அவர் அம்மா சொன்ன கதையைச் சொன்னார். குண்டு விழுந்த மறுநாள் பட்டணத்திலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்களாம், எங்கள் குடும்பமும் வண்டி பிடித்து திருவள்ளூர்ப் பக்கம் போய் ஒரு மாதம் இருந்தார்களாம். இதை இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

சொன்னபடி ரெய்லிங்கை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளேயிருந்து ஆரம்பித்தேன். பிரிட்ஜ் முடிந்தது. அதன் ஏணிகளில் படிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கிடையாக்க வேண்டியிருந்தது, ஒரு ஏணிக்கு ஒரு மணி நேரம். டேவிட்டுகளைக் கம்பியில் வளைத்தேன். தகட்டில் இருந்ததையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இனி தட்டை டேவிட் போட மனசு வராது. பழக வேண்டும் என்பதற்காகப் பின்தளத்தில் ஒரே ஒரு குட்டித் துண்டு ரெய்லிங் மட்டும் ஃபெவிகாலில் நிறுத்தினேன். ஆறு தூண். நேராக நிற்கிறது. வெள்ளை இல்லை.

இப்போது ஒரே ஒரு கேள்வி. அன்று இரவு எண்ணெய்த் தொட்டிகளைத் தேட இந்தக் கப்பல் தேடுவிளக்கைப் போட்டதாகப் படித்தேன். பாட்டிக்குக் காட்டும்போது அதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று ஆசை. கிட்டில் உள்ள விளக்கு வெறும் பிளாஸ்டிக் உருளை, முன்பக்கம் மூடியிருக்கிறது. எட்ச் தகட்டில் அதற்கான முன்வளையமும் கைச்சக்கரமும் இருக்கின்றன. உள்ளே என்ன செய்வது?

திசைகாட்டி

உருளையின் முன்பக்கத்தைக் கூர்பிளேடின் நுனியால் சுழற்றிச் சுழற்றிக் குழியாக்குங்கள். டிரில் போட்டால் பிளந்துவிடலாம், கையாலேயே செய்யுங்கள். சாக்லேட் சுற்றிவருகிற வெள்ளித்தாளை ஒரு பால் பாயிண்ட் பேனாவின் உருண்டை முனையால் ரப்பர் மேல் அமுக்கினால் குட்டிக் கிண்ணமாகும். அதைக் குழிக்குள் இறக்குங்கள். அதன்மேல் ஒட்டவேண்டியது உங்கள் எட்ச் வளையம், அது தட்டைச் சாமான்தான், அதற்குப் பித்தளையே சரி. கண்ணாடிக்கு ஃபெவிகால் வேண்டாம், ஈரம் பட்டால் மங்கும். நகப்பூச்சுக் கடைகளில் கிடைக்கிற யுவி ஜெல்லை வளையத்துக்குள் ஒரு துளி விட்டு யுவி விளக்கின் வெளிச்சத்தில் இறுக்குங்கள், லேசாகப் புடைத்துக்கொண்டு லென்ஸ் மாதிரி நிற்கும்.

கைச்சக்கரத்தை அதற்குப் பிறகு ஒட்டுங்கள். முன்னாலேயே ஒட்டினால் குழி தோண்டும்போது போய்விடும்.

பெரம்பூர் கார்த்தி

நேற்று இரவு செய்தேன். வெள்ளித்தாள் ஏழாவது கிண்ணம்தான் கிழியாமல் வந்தது. ஜெல் ஒரு துளி. பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன கண், அதனால் கப்பலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ஒரு கோணத்தில் வெயில் பட்டு விளக்கு பளிச்சென்றது. "தெரியுது, தெரியுது, அப்படியே பிடி" என்றார்.

நாளை முதல் முன்தள ரெய்லிங். அடிக்கம்பியை வெட்டிவைத்துவிட்டேன்.